ஏரி வளர்த்த பண்பாடு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்

முன்னுரை

பண்பாடு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை இலக்கியமும் இசையும் சிற்பமும் விழாக்களுமே. ஆனால் ஏட்டைப் படித்தோ, மேடைப் பேச்சைக் கேட்டோ வராமல், மண்ணையும் நீரையும் பேணும் உழைப்பின் வழியாகவே ஒரு தலைமுறையிடமிருந்து மறு தலைமுறைக்கு வந்து சேர்ந்த பண்பாடு ஒன்றும் நம்மிடையே உண்டு. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் பிறந்த ஊர் ஒரகடத்துக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள் கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடமே ஒரகடம். இன்று அப்பெயரைச் சொன்னால் கார்களும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் உருவாகும் இடம் என்றே எவரும் கூறுவர். அங்கே ஏரிகள் உண்டு என்பதும், அவற்றை ஒட்டி ஒரு வாழ்க்கை நெறி இருந்தது என்பதும் என் வகுப்பு நண்பர்கள் பலருக்குப் புதிய செய்தி.

இப்பொருளைப் பற்றிச் சிந்திக்கும் எண்ணம் எனக்கு வகுப்பறையில்தான் தோன்றியது. சேம்பின் குடும்பத்தைப் பாடமாக நடத்திய எங்கள் பேராசிரியர், "இந்தச் சேப்பங்கிழங்கைத் தங்கள் அண்ணனாகக் கருதும் மக்கள் உலகில் இருக்கிறார்கள்" என்றார். வகுப்பே சிரித்தது. அவர் ஹவாய்த் தீவு மக்களைக் குறிப்பிட்டார். பின்னர் நூலகத்தில் அவர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, என் தாத்தா ஏரிக்கரையில் சொல்லிய சொற்களே எனக்கு மீண்டும் மீண்டும் நினைவுக்கு வந்தன.

சேம்பை அண்ணனாகக் கொண்ட மக்கள்

பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளின் பழங்குடி மக்களுக்குச் சேம்பே முதன்மை உணவு. அவர்கள் அதனைக் 'காலோ' என்பர். வானத் தந்தையின் முதற்குழந்தை இறந்து பிறந்தது என்றும், அதைப் புதைத்த இடத்தில் சேம்பு முளைத்தது என்றும், அடுத்துப் பிறந்த குழந்தையே மக்கள் இனத்தின் முன்னோன் என்றும் அவர்கள் கதை கூறுகிறது. எனவே செடி அண்ணன், மனிதன் தம்பி. தம்பி அண்ணனைப் பேண வேண்டும். அண்ணன் தம்பிக்கு உணவளிப்பான்.

அவர்கள் மொழியில் நிலத்திற்கு 'ஆய்னா' என்று பெயர். 'உணவூட்டுவது' என்பது அதன் பொருள். நிலத்தைப் பேணுதலை 'மாலமா ஆய்னா' என்பர். குடும்பத்தைக் குறிக்கும் 'ஒஹானா' என்னும் சொல்லும், தாய்க் கிழங்கின் பக்கத்தில் கிளைக்கும் சேம்பின் குருத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்தே வந்ததாம். 'வாழையடி வாழை' என்று வாழ்த்தும் நமக்கு இதன் நயம் எளிதில் விளங்கும்.

அவர்கள் மலை உச்சி முதல் கடற்கரை வரை நீர் ஓடும் வழியைப் பார்த்து நிலத்தைப் பிரித்தனர். ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டிச் சேற்று வயல்களுக்கு நீர் பாய்ச்சினர். வாய்க்கால் வெட்டுவதற்கு எத்தனை ஆள்கள் வந்தனரோ அதற்கேற்ப ஒவ்வொரு நிலத்திற்கும் நீரின் பங்கு கிடைத்தது. தலைவர், குடிகள் என்ற வேறுபாடு அங்கும் இருந்ததுதான். எனினும் உழைப்பே நீருக்கு உரிமை தந்தது என்பதை நண்பர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்; பின்னர் இது நமக்குப் பயன்படும்.

அவர்களிடம் 'குலெயானா' என்றொரு சொல் உண்டு. அதற்கு 'உரிமை' என்றும் பொருள். 'பொறுப்பு' என்றும் பொருள். நாம் இரண்டு சொற்களால் சொல்வதை அவர்கள் ஒரே சொல்லில் அடக்கிவிட்டனர். நம்மிடம் அத்தகைய சொல் உண்டா என்று எண்ணிப் பார்த்தேன். உண்டு என்பதே என் முடிவு. அதைக் காண நம் ஏரிகளுக்கு வர வேண்டும்.

ஏரி மாவட்டம்

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று அழைப்பது வழக்கம். 1997இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. 2019இல் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. தமிழ்நாட்டில் உள்ள ஏரி, கண்மாய்கள் சுமார் 39,000 என்பர். அவற்றுள் பொதுப்பணித் துறையின் பெரிய ஏரிகள் மட்டும் பிரிவினைக்கு முந்திய காஞ்சிபுரம் மாவட்டத்தில் 900க்கு மேல் இருந்தன.

இவ்வளவு ஏரிகள் ஏன்? இப்பகுதியில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. பாலாறும் பெரும்பாலான மாதங்களில் மணலாகவே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்களில் கொட்டித் தீர்க்கும் மழையே ஆண்டு முழுவதற்கும் முதலீடு. நிலமோ மேற்கிலிருந்து கிழக்காகச் சிறிதளவே சரிவுடையது. அச்சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் கரை போட்டு நீரைத் தேக்குவதைத் தவிர வேறு வழி முன்னோர்க்கு இல்லை. பல்லவர் காலத்திலேயே மகேந்திரவாடியில் மகேந்திர தடாகமும், உத்திரமேரூரில் வைரமேக தடாகமும் அமைந்தன. வாலாஜாபாத் வட்டாரத்தில் உள்ள தென்னேரி, இளந்திரையன் பெயரால் 'திரையன் ஏரி' என வழங்கிப் பின் திரிந்தது என்பர். பல்லவரும் சாளுக்கியரும் 7ஆம் நூற்றாண்டில் போரிட்ட மணிமங்கலமும் எங்கள் பக்கத்து ஏரியூரே.

ஓர் ஏரியின் உறுப்புகளைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். மழைநீரைக் கொண்டுவருவது வரத்துக் கால்வாய். நீரைத் தடுத்து நிறுத்துவது கரை. கழனிக்கு நீர் விடும் வாயில் மதகு, அல்லது மடை. நிறைந்தபின் மிஞ்சிய நீர் வழிந்து செல்லும் கல் அணை கலங்கல். ஏரியால் பாசனம் பெறும் நிலம் ஆயக்கட்டு. மதகின் அருகில் உள்ள கழனி தலைமடை. வாய்க்காலின் கடைசியில் உள்ளது கடைமடை. இவ்வுறுப்புகளில் மடையும் கலங்கலும் எனக்கு இரண்டு பாடங்களைக் கற்பித்தன; கரையைக் காக்கும் மராமத்து மூன்றாவது பாடத்தைக் கற்பித்தது.

முதற்பாடம்: முறை

ஏரி நிறைந்த ஆண்டில் நீருக்குச் சண்டையில்லை. அரை ஏரி நிறைந்த ஆண்டில்தான் ஊரின் குணம் தெரியும். அந்த ஆண்டில் எவ்வளவு நிலத்தில் பயிரிடுவது என்பதை ஊரார் கூடி முடிவு செய்வர். பிறகு நாள் கணக்கில், நாழிகைக் கணக்கில் ஒவ்வொரு கழனிக்கும் தண்ணீர் விடுவர். இதற்கு 'முறை வைத்தல்' என்று பெயர். 'இன்று யார் முறை?' என்பதே அக்காலத்தில் காலையில் கேட்கும் முதற்கேள்வி.

'முறை' என்னும் இச்சொல்லை நண்பர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தண்ணீருக்கு முறை, உறவுக்கும் முறை. அத்தை, மாமன், அண்ணி என்று அழைப்பதை 'முறை வைத்துக் கூப்பிடுதல்' என்கிறோம். நீதி வழங்குவதை 'முறை செய்தல்' என்றனர் முன்னோர். நீதி கேட்டுச் செல்வது 'முறையிடுதல்'. தகாத செயலை 'முறையற்றது' என்கிறோம். இத்தனை பொருள்களும் நீர்ப்பாசனத்திலிருந்தே பிறந்தன என்று நான் வாதிடவில்லை. ஆனால் தன் முறை வரும்வரை காத்திருப்பதும், வந்தபோது தன் கடமையைச் செய்வதும், முடிந்தபோது அடுத்தவருக்கு விட்டுக் கொடுப்பதும் ஒரே சொல்லில் அடங்கியுள்ளன. உரிமையும் பொறுப்பும் ஒன்றாய்க் கலந்த 'குலெயானா'வுக்கு நிகரான நம் சொல் இதுவே எனக் கொள்கிறேன்.

என் தாத்தா எங்கள் ஊர் ஏரியின் நீர்கட்டியாக இருந்தவர். மதகைத் திறப்பதும், முறைப்படி கழனிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதும், மழை இரவுகளில் கரையைக் காவல் காப்பதும் நீர்கட்டியின் வேலை. அவர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "கண்ணு, தலமடைக் கழனிக்குத் தண்ணி பாய்ச்ச ஆளு எதுக்கு? அது தானா பாஞ்சிடும். கடமடைக்காரனுக்குத்தான் ஆளு வேணும்." அரசியல் அறிவியல் பாடத்தில் சமூக நீதி பற்றிப் பல பக்கங்கள் உள்ளன. அப்பக்கங்களை நான் படித்துப் புரிந்துகொள்வதற்கு என் தாத்தாவின் இந்தச் சொற்களே திறவுகோலாக இருந்தன.

இரண்டாம் பாடம்: கலங்கல்

ஏரிகள் தனித்தனியே இருப்பவை அல்ல. மேலேரியின் கலங்கலில் வழியும் நீரே கீழேரியின் வரத்து. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளில் மிஞ்சும் நீர் செம்பரம்பாக்கத்துக்குச் செல்கிறது. மணிமங்கலம், ஆதனூர்ப் பகுதி ஏரிகளில் மிஞ்சும் நீர் அடையாற்றின் தலைப்பகுதியில் சேர்கிறது. இப்படிச் சங்கிலித் தொடராக அமைந்த ஏரிகளின் வழியே மழைநீர் தங்கித் தங்கிக் கடலை அடைகிறது.

கலங்கலின் உயரத்தை ஓர் ஊரார் தம் விருப்பப்படி உயர்த்த முடியாது. உயர்த்தினால் மேலே உள்ள கழனிகள் மூழ்கும். கீழே உள்ள ஊருக்கு நீர் வராது. ஊர்களுக்கிடையே வழக்குகள் எழுந்ததும் இதனால்தான். ஆகவே 'எனக்கு இவ்வளவு போதும். இதற்கு மேற்பட்டது கீழே உள்ளவனுடையது' என்பதைக் கல்லில் கட்டி வைத்த அமைப்பே கலங்கல். மிச்சத்தைத் தானமாகக் கொடுப்பது வேறு. மிச்சம் அடுத்தவரின் உரிமை என்று ஒப்புக்கொள்வது வேறு. கலங்கல் கற்பிப்பது இரண்டாவதை.

இதை மறந்தால் என்ன நேரும் என்பதை 2015ஆம் ஆண்டு காட்டியது. அப்போது எனக்குப் பத்து வயது. டிசம்பர் முதல் நாள் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அளவில் நீர் வெளியேற்றப்பட்டது செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. மேலே உள்ள ஏரிகளும் நிறைந்து வழிந்து, முடிச்சூர் போன்ற பகுதிகள் நீரில் மூழ்கியது அவ்வளவாகப் பேசப்படவில்லை. நீர் தன் பழைய பாதையிலேயே வந்தது. அந்தப் பாதையில் வீடுகளும் சாலைகளும் நின்றன. நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில், அதே செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு தரை வெடித்துக் கிடந்தது. ஏரிகளின் சங்கிலி அறுந்தால் வெள்ளமும் வறட்சியும் ஒரே ஊருக்கு மாறி மாறி வரும்.

மூன்றாம் பாடம்: மராமத்து

ஏரி ஒருமுறை கட்டி முடித்துவிடும் பொருள் அன்று. ஆண்டுதோறும் வண்டல் சேரும்; கரையில் எலியும் நண்டும் வளை தோண்டும்; கால்வாயில் புதர் மண்டும். ஆகவே கோடையில், மழைக்கு முன், வீட்டுக்கு ஓர் ஆள் வீதம் வந்து கால்வாயைத் தூர் வாரிக் கரையைப் பலப்படுத்துவர். இதுவே குடிமராமத்து. வாரிய வண்டல் கழனிக்கு எருவாயிற்று. தாவரவியல் மாணவன் என்ற முறையில் இதன் சிறப்பை நான் கூறியாக வேண்டும்: களிமண்ணும் மட்கிய இலைச்சத்தும் கலந்த வண்டல், கழனியின் ஈரம் காக்கும் திறனைப் பெருக்குகிறது. ஏரியின் நோய் கழனிக்கு மருந்தாகிறது.

சோழன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையைப் பற்றிப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அம்முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களுள் ஒன்று 'ஏரி வாரியம்' என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஏரியைக் காப்பதற்கென்றே ஆண்டுதோறும் ஒரு குழு! கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய உறவினரும் வாரியத்தில் இடம்பெற முடியாது என்றும் அக்கல்வெட்டு விதிக்கிறது.

1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் ஆங்கிலேயர் செங்கல்பட்டுப் பகுதியில் சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அறுவடையில் தச்சர், கொல்லர், தலையாரி போன்றோருக்கு முதலில் பங்கு ஒதுக்கியது போலவே, ஏரியின் பராமரிப்புக்கும் பங்கு ஒதுக்கப்பட்டதை அக்கணக்கு காட்டுகிறது. கம்பெனி ஆட்சி வேரூன்றி, விளைச்சலின் பெரும்பகுதி வரியாக வெளியேறியபோது இந்த ஏற்பாடு நலிந்தது. 1858இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் இயற்றி, குடிமராமத்துக்கு வராதவரிடம் அதன் செலவை வசூலிக்க வழி செய்தனர். ஊரார் தாமாகச் செய்துவந்த வேலைக்குச் சட்டத்தின் வலிமை தேவைப்பட்டது என்பதே அதன் தளர்ச்சிக்குச் சான்று.

2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தைப் புதுப்பித்தது. அதன் தொடக்க விழா மணிமங்கலம் ஏரியில்தான் நடைபெற்றது. முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாசனதாரர் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்பது ஏற்பாடு. பழைய சொல் மீண்டும் ஆட்சிமொழியில் இடம்பெற்றது மகிழ்ச்சிக்குரியது.

நீர்கட்டியின் பங்கு

இதுவரை ஏரிப் பண்பாட்டின் பெருமையைக் கூறினேன். இனிக் கூறப்போவதை மறைத்தால் என் கட்டுரை பாதி உண்மையாகிவிடும்.

உத்திரமேரூர் வாரியத்தில் இடம்பெற, கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் இருக்க வேண்டும். மண்ணைச் சுமந்தவர்க்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை. அதுபோலவே, எங்கள் பக்கத்தில் நீர்கட்டிகள் பெரும்பாலும் சேரியைச் சேர்ந்தவர்கள்; நிலமற்றவர்கள். நிலம் இல்லாதவன் ஆதலால் ஒரு பக்கம் சாயமாட்டான் என்று ஊரார் அதற்கு நியாயமும் கூறினர்! நூறு பேர் கழனிக்கு நீர் பங்கிட்டவரின் குடும்பத்துக்கு அந்த நீரில் பங்கு கிடையாது. அறுவடையில் ஏக்கருக்கு இத்தனை கட்டு என்று கதிர் கொடுப்பர், அதுவே கூலி. கரை உடையும் இரவில் முதலில் தண்ணீரில் இறங்குபவரும் அவரே. மறுநாள் காலை தெருவில் பேர் சொல்லி அழைக்கப்படுபவரும் அவரே. அழைப்பவர் சிறுவராக இருந்தாலும் சரி.

1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், இம்மாவட்டத்து ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். உழுபவர் நிலம் பெற முடியாதபடி மிராசு முறை தடுப்பதை அவர் எடுத்துக்காட்டினார். அதன் விளைவாக 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் கேள்விப்படுவது இதுவே. அந்நிலங்களில் பெரும்பகுதி பின்னர்ப் பிறர் கைக்கு மாறிய கதையை நண்பர்கள் அறிவர்.

ஹவாய் வாய்க்காலில் உழைப்பு நீருக்கு உரிமை தந்தது என்று முன்பு கூறியதை இங்கே நினைவூட்டுகிறேன். நம் வாய்க்காலில் நிலம்தான் உரிமை தந்தது, உழைப்பு தரவில்லை. முறை என்னும் உயர்ந்த நெறி மடைக்கு மடை பாய்ந்தது; ஆனால் சேரியின் எல்லைவரை பாயவில்லை. உண்மையான கடைமடை அதுதான்.

இன்றைய நிலை

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனால்ட்–நிசான் தொழிற்சாலையும், 2012இல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. தொழில் வந்ததால் எங்கள் பகுதி வளர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. என் தந்தை ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அவருடைய மாதச் சம்பளமே எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவனைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறது. கதிர்க்கட்டுக் கூலியில் அது நடந்திராது.

ஆனால் ஆயக்கட்டு விலைபோனபின் மதகைத் திறக்க வேண்டிய தேவை இல்லை. திறக்க வேண்டாத மதகுக்கு நீர்கட்டி எதற்கு? நீர்கட்டி இல்லாத கரையில் எலி வளையை அடைப்பவர் யார்? ஏரியால் உண்டவர்கள் இருந்தவரை ஏரியைப் பார்த்துக்கொண்டனர். இன்று ஏரி இருக்கிறது. அதை 'நம்முடையது' என்று சொல்லும் ஊர் இல்லை. ஏரியின் பயனோ குறையவில்லை. எங்கள் ஆழ்குழாய்க் கிணறுகளில் ஊறும் நீர் ஏரியின் நீர்தான். பெருமழையைத் தாங்கிச் சாலையையும் ஆலையையும் காப்பதும் ஏரிதான். பயன் கண்ணுக்குத் தெரியாமல் போனதால் பொறுப்பும் தெரியாமல் போயிற்று.

முகாமில் கற்றவை

சென்ற ஆண்டு எங்கள் நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம் எங்கள் ஊருக்கு அருகில் ஏழு நாள்கள் நடைபெற்றது. ஒரு வரத்துக் கால்வாயைச் சீர் செய்வது பணி. திட்ட அலுவலரான பேராசிரியர் வேண்டிக்கொண்டதன்பேரில் என் தாத்தா வழிகாட்ட வந்தார்.

கால்வாயில் சீமைக் கருவேலமும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடர்ந்திருந்தன. நாங்கள் ஆர்வத்துடன் மேல்முனையில் வெட்டத் தொடங்கினோம். தாத்தா தடுத்தார். "கீழ இருந்து மேல வாங்க. கீழ தொறந்தாத்தான் மேல இருக்கிற தண்ணி வடியும்" என்றார். கால்வாய் வேலையும் கடைமடையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது அன்று விளங்கியது. கரைப் புல்லைச் செதுக்கப் போன நண்பனை நிறுத்தி, அருகும் கோரையும் கரையைப் பிடித்திருக்கும் கைகள் என்றார். புல்லின் சல்லிவேர்த் தொகுதி மண் அரிப்பைத் தடுப்பதை நாங்கள் தேர்வில் எழுதியிருக்கிறோம். ஆனால் எந்தப் புல்லை விட வேண்டும், எந்தப் புதரை வேரோடு பிடுங்க வேண்டும் என்று கரையில் நின்று சொல்ல எங்களால் முடியவில்லை. கரையின் அடியிலிருந்து மண் எடுக்கக்கூடாது, ஏரியின் உள்வாயில் தள்ளி எடுக்க வேண்டும் என்றார். சரிவு சரியாக உள்ளதா என்று அறிய ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, அது ஓடும் திசையைப் பார்த்தார். சாலைக்குக் கீழே போட்டிருந்த குழாய், கால்வாயின் தரையைவிட உயரமாக இருந்ததை அந்த ஒரு குடம் தண்ணீரே காட்டிக்கொடுத்தது. அதன் அளவைக் குறித்து உரிய அலுவலகத்துக்கு மனு எழுதினோம்.

முகாமின் ஏழு நாள்களும் மாணவர்களும் பேராசிரியர்களும் என் தாத்தாவை 'ஐயா' என்றே அழைத்தனர். மாலைக் கருத்தரங்கில் நாற்காலியில் அமர்த்திப் பேசச் சொன்னார்கள். இதை நான் பெருமைக்காகக் குறிப்பிடவில்லை. அறிவுக்குத் தரும் மரியாதையும் ஏரியைப் பேணும் வேலையில் ஒரு பகுதி என்பதற்காகவே குறிப்பிடுகிறேன். நீர்கட்டியை இழிவாக நடத்தியதால்தான் அவர் அறிவைக் கற்க எவரும் முன்வரவில்லை.

மண்வெட்டியுடன் என்னைக் கண்ட என் தந்தைக்கு மகிழ்ச்சியில்லை. "இந்த வேலை வேணாம்னுதானே உன்னப் படிக்க வெச்சேன்" என்றார். அவர் வருத்தம் நியாயமானது. அதற்கு நான் கண்ட விடை இதுவே: ஒரே தெருவினர் தலையில் மட்டும் விழுந்தால் அது அடிமை வேலை, அனைவரும் மாறி மாறிச் செய்தால் அது முறை. அந்தக் கால்வாயில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒன்றாய்ச் சேறு சுமந்தோம். எங்கள் ஏரியின் வரலாற்றில் அது புதியது.

முடிவுரை

நிலம் கைவிட்டுப் போனபின் நிலம் சார்ந்த பண்பாடு நிலைக்குமா என்ற ஐயம் எழலாம். ஹவாயில் 1848இல் நிலம் தனியுடைமையாக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்காக ஓடைகள் திருப்பப்பட்டன. சேம்பு வயல்கள் வறண்டன. 1893இல் அவர்கள் அரசும் கவிழ்க்கப்பட்டது. இருந்தும் 1980இல் மானோவா பல்கலைக்கழகத்தில் பயின்ற ஹவாய் மாணவர்கள், வளாகத்தின் அருகே தூர்ந்து கிடந்த பழைய வாய்க்காலைக் கண்டு, வெட்டித் திறந்து, கானேவாய் என்னும் இடத்தில் மீண்டும் சேம்பு நட்டனர். அது பிறகு அவர்கள் பண்பாட்டைச் சேற்றில் இறங்கிக் கற்கும் வகுப்பாகவே வளர்ந்தது. பண்பாட்டைக் காக்க அவர்கள் தேடியது மேடையன்று, வாய்க்கால் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நம்மாலும் இயலும். ஒவ்வொரு கல்லூரியும் அருகிலுள்ள ஓர் ஏரியைத் தேர்ந்து, அதன் வரத்துக் கால்வாய், மதகு, கலங்கல் ஆகியவற்றை ஆண்டுதோறும் மழைக்கு முன் நடந்து பார்த்து வரைபடமாகக் குறிக்கலாம். இன்னும் உயிருடன் உள்ள நீர்கட்டிகளிடம் கேட்டு, அவர்கள் அறிவை எழுதி வைக்கலாம். ஏரிக்கு இனி அமையும் குழுக்களில் நிலமுள்ளவர் மட்டுமன்றி, நிலமற்றவரும் பெண்களும் ஆலைத் தொழிலாளரும் இடம்பெற வேண்டும். ஏனெனில் இன்று அந்த நீரைக் குடிப்பவர் அனைவரும் ஆயக்கட்டுதாரரே. பழைய வாரியத்தின் கண்டிப்பு நமக்கு வேண்டும். அதன் வேலி வேண்டாம்.

முன்னோர் தந்த நெறிகளில் சிறந்தது முறை. அதை அவர்கள் ஏரியைப் பேணிக் கற்றனர். பேணியவர் எல்லோர்க்கும் பங்கு தராமல் குறைவைத்தனர். அந்தக் குறையை நீக்கி, கடைமடைவரை முறையைக் கொண்டுசேர்ப்பது படித்த நம் தலைமுறையின் கடமை. இந்தக் கோடையில் மழைக்கு முன் கால்வாய் வெட்டும் நாள் வரும். நண்பர்களே, இது நம் முறை.